நான் எடுத்த இரண்டு ‘ங்க’

“எப்படித் தம்பி இது தோணுச்சு?” என்று கடைக்கார அண்ணன் கேட்டார். “இங்கயே உட்கார்ந்து கவனிச்சுட்டு இருந்தனுங்ண்ணா, அப்படியே தோணுச்சுங்க” என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். உட்கார்ந்தது உண்மை, ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தேன். கவனித்ததும் உண்மை, நோட்டு பாதி நிறைந்திருந்தது. ‘தோணுச்சு’ என்ற சொல்லில்தான் இடிக்கிறது. ராத்திரி தூக்கம் வராதபோது அந்த ஒரு சொல்லுக்குப் பதிலாக வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று எத்தனையோ தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். விளம்பர வாசகம் எழுதுகிறவனுக்கு ஒரு சொல்லை மாற்றிப் பார்ப்பது தொழில்தானே, ஆனால் இதற்குக் காசு கிடையாது.

அதுதான் என் முதல் சம்பளம் வந்த வேலை. காங்கயம் பக்கம் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை. அதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் பனியன் கம்பெனியில் பில் போட்டுக்கொண்டே நானாகக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் வரும் நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்களை வரி விடாமல் கையால் எழுதிப் பார்ப்பேன். இல்லாத சோப்புக்கும் இல்லாத டீத்தூளுக்கும் வாசகம் எழுதி ஒரு ஃபைலில் வைத்திருந்தேன். அந்த ஃபைலை நான்கு கடையில் காட்டினேன். மூன்று இடத்தில் “சரிங்க தம்பி, சொல்லி அனுப்பறோம்.” இந்த அண்ணன் மட்டும் ஃபைலைத் திறக்காமலே, “நம்ம எண்ணெய்க்கு எழுதுங்க, பார்க்கலாம்” என்றார். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அனுப்ப ஒரு எஸ்எம்எஸ், பாட்டில் கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை. இவ்வளவுதான் வேலை. 3,000 ரூபாய்.

முதல் தடவை 14 வாசகம் கொண்டுபோனேன். ‘பாரம்பரியம் பேசும் பரிசுத்தம்’ என்று ஒன்று, ‘பாட்டி கை மணம், பாசத்தின் குணம்’ என்று இன்னொன்று. மற்றவற்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அண்ணன் பொறுமையாகப் படித்துவிட்டு, “இதெல்லாம் எல்லாக் கடையிலயும் இருக்குதுங்களே தம்பி” என்றார். அவர் சொன்னது சரி. எதுகை மோனை விழுந்தால் விளம்பரம் ஆகிவிட்டது என்று அந்த வயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் தன் பங்குக்கு ஒரு வாசகம் சொன்னார்: “கொலஸ்ட்ரால் இல்லாததுன்னு போட்டுடுங்க.” நான் விடவில்லை. தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, கடலை, எள், தேங்காய், கடையில் விற்கிற ரீஃபைண்ட் பாக்கெட் எல்லாமே அப்படித்தான், எல்லாரிடமும் இருப்பதை நம்மிடம் மட்டும் இருப்பதுபோல் போட்டால் அது படிக்கிறவரை ஏமாற்றுவது என்று அவருக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். அண்ணன் கேட்டுக்கொண்டார். “நேர்மையான ஆளா இருக்கறீங்க” என்றும் சொன்னார். இது நடந்தது திங்கட்கிழமை. நான் மேலே சொன்ன பதில் அதே வாரம் வெள்ளிக்கிழமை.

நடுவில் புதன்கிழமை காலையிலிருந்து சாயந்தரம் வரை கடையில் உட்கார்ந்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். உள்ளே வாகைமரச் செக்கு சுற்றுகிற சத்தம், மோட்டார்தான், மாடு இல்லை. எள்ளு ஆட்டும்போது கருப்பட்டியை உடைத்துப் போடுவார்கள், அப்போது ஒரு வாசம் வரும், அது வந்தால் தெருவில் போகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆட்டிய எண்ணெயை எவர்சில்வர் அண்டாவில் ஊற்றி, வாயில் வேட்டித்துணி கட்டி, மூன்று நான்கு நாள் வெயிலில் வைத்துத் தெளிய விடுவார்கள். அப்படித் தெளிந்தாலும் பாட்டிலுக்குப் போன பிறகு கொஞ்ச நாளில் அடியில் மண்டி இறங்கும். பாட்டிலைச் சாய்த்தால் அது மெல்லச் சரிந்து வரும். ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். திருப்பூர், கோயம்புத்தூர் அபார்ட்மெண்ட் ஆட்களுக்குத் தெரியாது. ரீஃபைண்ட் எண்ணெயைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மண்டி என்றால் கலப்படம்.

அதனால் கடைக்கு வருகிற போனில் பாதி இந்தப் புகார்தான். போனை எடுப்பது கல்லாவில் இருக்கும் அக்கா. பில் போடுவது, பாட்டிலைத் துடைத்து அடுக்குவது, புண்ணாக்கு எடை போடுவது எல்லாம் அவர்தான். அன்றைக்கு மத்தியானம் யாரோ ஒருவர் போனில் கத்துகிறார், ஸ்டூலில் இருக்கும் எனக்கே கேட்கிறது. அக்கா காதிலிருந்து போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி, அலட்டிக்கொள்ளாமல் சொன்னார்:

“அடியில மண்டி நிக்குதுங்களா? அப்போ அது நம்ம எண்ணெய்தானுங்க.”

எதிர்முனை அமைதியாகிவிட்டது. நான் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

எஸ்எம்எஸ் என்பது இங்கிலீஷில் 160 எழுத்து. தமிழில் அனுப்பினால் 70தான், தாண்டினால் இரண்டு எஸ்எம்எஸ் கணக்கில் காசு போகும். அந்த 70-உம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. ‘டி’ என்றால் இரண்டு, ‘ண்’ என்றால் இரண்டு, புள்ளியும் கொம்பும் சுழியும் தனித்தனியாகக் கணக்கு. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. அக்கா சொன்னதை அப்படியே அடித்தால் இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 58. மீதி 12-இல் கடைப் பெயர் அடங்காது. ‘நிக்குதுங்களா’வை ‘நிக்குதா’ ஆக்கினேன், ஐந்து மிச்சம். ‘எண்ணெய்தானுங்க’வில் ‘ங்க’வை எடுத்தேன், மூன்று மிச்சம். சரியாக 50. கடைப் பெயர் வசதியாக உட்கார்ந்துவிட்டது.

ஆக, அந்த வாசகத்தில் என்னுடையது என்று சொல்ல இருப்பது நான் எடுத்த இரண்டு ‘ங்க’ மட்டும்தான். மரியாதையை எடுத்ததற்கு 3,000 ரூபாய்.

இப்படிச் சொன்னால் என் மேலேயே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, அதனால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கா அன்றைக்கு முழுக்கப் பேசினார். அத்தனை பேச்சில் இந்த ஒரு வரியைப் பொறுக்கியது யார்? அண்ணனும் வருஷக்கணக்காக அதே கல்லாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார், அவர் காதில் இது விழாமலா இருந்திருக்கும்? குறை சொல்லிப் போன் பண்ணுகிறவருக்குச் சொல்லும் பதிலை, குறை சொல்வதற்கு முன்னாலேயே பாட்டில் கழுத்தில் தொங்கவிடலாம் என்று தோன்றியதே, அது எனக்குத்தானே தோன்றியது. அட, தோன்றியதுதான். பொய் சொல்லவில்லை.

விளம்பரத் தொழிலில் பெரிய ஆட்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். டேவிட் ஓகில்வி 1958-இல் ரோல்ஸ் ராய்ஸுக்கு எழுதிய விளம்பரம் எல்லாருக்கும் தெரியும். மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது இந்தக் காரில் கேட்கிற பெரிய சத்தமே அதன் மின்சாரக் கடிகாரத்தின் சத்தம்தான் என்று வரும். அந்த வரி அவர் மூளையில் உதித்தது இல்லை, ‘தி மோட்டார்’ என்ற இங்கிலாந்துப் பத்திரிகையின் தொழில்நுட்ப ஆசிரியர் காரை ஓட்டிப் பார்த்து எழுதியது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி. இரண்டு மூன்று நாள் கழித்து அந்த விளம்பரத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓகில்வி அந்த வரியை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறார். கீழேயே இதைச் சொன்னது யார் என்றும் அச்சடித்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமைக்கே மறுபடி வருகிறேன். அண்ணன் அட்டையை வாய்விட்டுப் படித்தார். சிரித்தார். தொடையில் தட்டினார். “எப்படித் தம்பி இது தோணுச்சு?” அக்கா நாலடி தள்ளிப் பாட்டில் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும். கேட்காமல் இருக்க வழியில்லை. ஆனால் அவருக்கு அது தன் வாயிலிருந்து வந்தது என்று ஞாபகம் இருந்ததா என்பது வேறு விஷயம், தினமும் பத்துத் தடவை சொல்கிற பதிலை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? நான் பதில் சொன்னபோது அவர் துடைப்பதை நிறுத்தினாரா, இல்லை அந்தப் பாட்டில் முடிந்து அடுத்ததை எடுத்தாரா? இதை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது.

“அக்கா சொன்னதுங்ண்ணா, நான் சுருக்கினேன்” என்று சொல்லியிருந்தால்? அண்ணன் நல்ல மனுஷன், காசு கொடுக்காமல் விட்டிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. எங்கள் கடை ஆள் சொன்னதை எங்களுக்கே விற்கிறாயா என்று கேட்டுவிடுவார் என்று பயம். ஒன்றரை வருஷம் ராத்திரி ராத்திரி எழுதிப் பழகியவனுக்கு, முதல் வேலையில் ‘நான் எழுதவில்லை’ என்று சொல்ல வாய் வருமா? இது நியாயமா சாக்கா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

“அக்கா, தம்பிக்குக் கொடுத்துடுங்க” என்றார் அண்ணன். அக்கா கல்லாவைத் திறந்து ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்தார். விரலில் எண்ணெய் இருந்ததால் தாள் ஒட்டியது, ஒவ்வொன்றாகப் பிரித்து இரண்டு தடவை எண்ணினார். “எண்ணிக்குங்க தம்பி” என்றார். எண்ணவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது மேல் தாளின் ஓரத்தில் எண்ணெய்க் கறை. அதைக் கடைசி வரை செலவழிக்காமல் வைத்திருந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அடுத்த வாரமே கேஸ் சிலிண்டருக்குப் போய்விட்டது.

வணிக எஸ்எம்எஸ் என்றால் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி வாசகத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், பதிவான வாசகத்தைத்தான் அனுப்ப முடியும். அந்த வரி கடையின் பேரில் பதிவானது. என் ஃபைலில் முதல் பக்கத்தில் என் பேரில் இருக்கிறது. அதைக் காட்டித்தான் அடுத்தடுத்து ஒரு மசாலாக் கம்பெனி, ஒரு பள்ளிச் சீருடைக் கடை, அப்புறம் இப்போது இருக்கும் வேலை. நேர்காணலில் எல்லாரும் அந்த முதல் பக்கத்தில்தான் நின்றார்கள். அக்கா பேர் இருக்கும் இடம் என்று எதுவும் இல்லை. எனக்கு அவர் பேர் தெரியவும் தெரியாது, எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

போன தை மாசம் தேங்காய் எண்ணெய்க்கு எழுத வேண்டும் என்று அண்ணன் மறுபடி கூப்பிட்டார். அதே ஸ்டூல். சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன். காலையில் கூட்டம், மத்தியானம் அண்ணன் வெளியே போய்விட்டார், அக்காவும் நானும் மட்டும். வாய் திறக்கப் போன நேரத்தில் போன் அடித்தது. அதே புகார். அக்கா போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

“அட்டையிலயே போட்டிருக்குதுங்களே, பார்க்கலீங்களா? படிச்சுப் பாருங்க.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். “நீங்க எழுதிக் குடுத்ததுல இருந்து நமக்குப் பேச்சு மிச்சமுங்க தம்பி” என்றார்.

பழக்கதோஷம், அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.