செமினார் அறிவிப்பு: ஒரு செமஸ்டரைச் சிக்கலில்லாமல் ஓட்ட

கணிதத் துறையின் நிகழ்ச்சிப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை தலையில் விழுந்தால் ஒன்று சீக்கிரமே புரிந்துவிடும். பேச ஆள் பிடிப்பது சுலபம், அவரிடமிருந்து தலைப்பை வாங்குவதுதான் பெரும்பாடு.

தேதி உறுதியானதும் பெயர், நிறுவனம், நேரம், அறை நான்கையும் போட்டு, ‘தலைப்பு பின்னர்’ என்று வெளியிட்டுவிடுகிறோம். மூன்று வாரத்துக்கு முன் ஒரு நினைவூட்டல், பத்து நாளுக்கு முன் இன்னொன்று. இரண்டாவதில், “தலைப்பு வராவிட்டால் ஆர்க்கைவில் (ஆய்வுக் கட்டுரைகளை முன்கூட்டியே போட்டுவைக்கும் இணையதளம்) உள்ள உங்கள் கடைசிக் கட்டுரையின் தலைப்பையே போட்டுவிடலாமா?” என்று கேட்டால் பதில் வேகமாக வரும்.

பேச்சின் சுருக்கம் வந்தவுடன் அப்படியே பக்கத்தில் ஒட்டிவிடக் கூடாது. பலரும் தங்கள் லேடெக் (கணிதக் கட்டுரைகளைக் கட்டளைகளால் அச்சுக்கோக்கும் மென்பொருள்) கோப்பிலிருந்து நகலெடுத்து அனுப்புவார்கள். மெய்யெண் கணம், முழு எண் கணம் போன்றவற்றுக்கு அவர்கள் சொந்தமாக வைத்துக்கொண்ட சுருக்கக் கட்டளைகள் அந்தக் கோப்பின் முகப்பில்தான் வரையறுக்கப்பட்டிருக்கும். நம் பக்கத்தில் லேடெக் குறியீட்டைக் கணிதமாகக் காட்டும் மேத்ஜாக்ஸ் நிரலுக்கு அவை தெரியாது. சமன்பாடு இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பு எழுத்துதான் நிற்கும். மின்னஞ்சலில் இன்னும் மோசம், லேடெக்கில் கணிதத்தின் இருபுறமும் இடும் டாலர் குறிகள் அப்படியே தெரியும். அதனால் இரண்டு வடிவம் வைத்துக்கொள்வது நல்லது: பக்கத்துக்கு லேடெக்கோடு ஒன்று, மின்னஞ்சலுக்குக் குறியீடே இல்லாமல் வெறும் வாக்கியங்களாக ஒன்று.

பெயர்களையும் பார்க்கவேண்டும். ஹங்கேரியக் கணிதவியலாளர் எர்டிஷின் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது ‘ஓ’வின் மேல் வருவது இரண்டு சாய்கோடுகள், புள்ளிகள் அல்ல. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான பழைய லத்தீன்-1 குறியேற்றத்தில் அந்த எழுத்தே கிடையாது. எங்காவது ஒரு பழைய மென்பொருள் இடையில் புகுந்தால் அது கேள்விக்குறியாகிவிடும். எல்லாவற்றையும் எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் வைத்தால் தப்பிக்கலாம்.

செமினாருக்குச் சுருக்கம் எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பரவாயில்லை, வருபவர்கள் அந்தத் துறைக்காரர்கள்தான். துறை முழுவதற்குமான பொதுப் பேச்சான கொலோக்கியம் அப்படியல்ல, இயற்கணிதக்காரரும் புள்ளியியல்காரரும் ஒரே அறையில் உட்காருவார்கள். முதல் வரியிலேயே மூன்று குறியீடுகளை வரையறுக்கும் சுருக்கம் பாதிப் பேரை வரவிடாமல் செய்துவிடும். கேள்வி என்ன, அது ஏன் கேட்கத் தகுந்தது என்று முதலில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இணையவழிப் பேச்சுகளில் அதிகம் சொதப்புவது மார்ச் மாதம். அமெரிக்காவில் கடிகாரம் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று மாறுகிறது, ஐரோப்பாவில் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரம், பாரிஸில் மாலை 4 மணிக்கு நடக்கும் பேச்சு நியூயார்க்கில் காலை 10-க்குப் பதில் 11 மணிக்கு வரும். இலையுதிர்காலத்தில் இதே குழப்பம் ஒரு வாரம். அறிவிப்பில் உள்ளூர் நேரத்தோடு யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தையும் போடுங்கள். நாள்காட்டியில் பதியும்போது ‘யூடிசி+1’ போன்ற நிலையான வித்தியாசத்தைக் கொடுக்காமல் நகரத்தின் பெயரால் நேர மண்டலத்தைத் தேர்ந்தெடுங்கள். மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

பேச்சு தள்ளிப்போனால் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போடும் பழக்கம் வேண்டாம். ஒவ்வொரு நாள்காட்டிப் பதிவுக்கும் தனி அடையாள எண் உண்டு. புதிதாகப் போட்டால் எண்ணும் புதிது. ஏற்கெனவே சேர்த்துக்கொண்டவர்களின் நாள்காட்டியில் பழையதும் கிடக்கக்கூடும், காலி அறைக்கு ஆள் வருவார்கள். அதே பதிவைத் திருத்துங்கள். ரத்தானாலும் ‘ரத்து’ என்று குறித்து விட்டுவையுங்கள்.

அறை விஷயத்தில் ஒன்றே ஒன்று: கரும்பலகையா, ஸ்லைடா என்று தலைப்பு கேட்கும்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள். சாக்பீஸில் எழுதுபவரை இணையத்திலும் ஒளிபரப்புவதானால், பலகையின் நான்கு மூலையிலும் எதையாவது எழுதி, மறுமுனையில் படிக்க முடிகிறதா என்று முந்தின நாளே பார்க்கவேண்டும். பெரும்பாலும் கீழ்வரிசைதான் மறையும், பேச்சாளரின் முதுகோ மேசையோ மறைத்துக்கொண்டிருக்கும். ஒளிப்பதிவுக்கான சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். இன்னும் கட்டுரையாகாத முடிவைச் சொல்பவர் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்காதீர்கள்.