ஜமைக்காவுக்குப் போன ஸ்லைகோ பிரபு

அயர்லாந்தின் மேயோ பகுதியில் வெஸ்ட்போர்ட் மாளிகையின் வாரிசு ஹவ் பீட்டர் பிரவுன், 1788இல் பிறந்தவர். இரண்டாம் ஸ்லைகோ பிரபு. இளமையில் ஊதாரி. கிரேக்கத்தில் பழம்பொருள் தேடப் போனவர், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளை ஆசைகாட்டித் தன் கப்பலுக்கு இழுத்துக்கொண்டார். 1812இல் 4 மாதச் சிறை, 5,000 பவுண்டு அபராதம். அந்த வழக்கில் அமர்ந்திருந்த நீதிபதி வில்லியம் ஸ்காட், அடுத்த வருஷமே இவருடைய விதவைத் தாயைக் கல்யாணம் செய்துகொண்டார்!

சரி, எனக்கு இவர் மேல் மரியாதை வந்தது 1834க்கு அப்புறம்தான். அந்த வருஷம், அப்போது பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஜமைக்காவுக்கு ஆளுநராகப் போனார். பாட்டி வழியில் அங்கே அவருக்கே தோட்டங்களும் அடிமைகளும் இருந்ததால், 'நம்ம ஆள்' என்று தோட்ட முதலாளிகள் நம்பினார்கள். ஆகஸ்ட் 1 அன்று அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'பயிற்சிக்காலம்' என்ற பெயரில் அதே மக்கள் அதே முதலாளிக்கு வாரத்தில் பாதிக்குமேல் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். சவுக்கும் ஓயவில்லை. பெண்களைச் சவுக்கால் அடிப்பதை நிறுத்தச் சொல்லி, முதலாளிகள் நிறைந்த சட்டசபையோடு நேருக்கு நேர் மோதினார் பிரவுன். அவர்கள் விடவில்லை. 1836இல் பதவியை விட்டு விலகினார்.

அடிமைகளை இழந்ததற்காக முதலாளிகளுக்கு அரசு கொடுத்த இழப்பீட்டை அவரும் வாங்கினார், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் 1838இல் தன் தோட்டத்து மக்களை முழுசாக விடுவிப்பதாக அறிவித்தார். விடுதலை பெற்றவர்களுக்காகப் பாதிரியார் ஜேம்ஸ் பிலிப்போ நிலம் வாங்கி உருவாக்கிய மலைக்கிராமத்துக்கு இன்றைக்கும் 'ஸ்லைகோவில்' (Sligoville) என்று இவர் பெயர்தான்.