சுங்கை சிப்புட் நாட்குறிப்பு: அப்பாவின் பதினாறு

8 ஜூலை 2025, செவ்வாய்

விடியற்காலை நாலு மணிக்கு அப்பா போய்விட்டார். இந்த மலேசியத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நாங்கள் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் என்கிற குடியிருப்புக்கு வந்த பிறகும் அவர் எழுந்திருக்கும் நேரம் அதுதான்.

குளிப்பாட்டும்போது நான்தான் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். வலது உள்ளங்கையில் பால்வெட்டும் கத்தி பிடித்த காய்ப்பு அப்படியே இருந்தது. சோப்பு போட்டால் அந்த இடம் மட்டும் சொரசொரவென்று தட்டுப்பட்டது.

மாமா பின்கட்டுக்குக் கூப்பிட்டார். “மொட்ட அடிக்க ஆள் வந்தாச்சு. வேட்டியக் கட்டு.”

“சடங்கு மட்டும் என்னால் முடியாது மாமா. மற்ற எல்லாம் செய்கிறேன்.”

“பெத்த அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்கலன்னா ஊரு என்னடா பேசும்? அப்பனக் கனம்பண்ணுன்னு உங்க பைபிள்லயே இருக்காமே?”

இருக்கிறது. யாத்திராகமம் 20:12. வேறே தேவர்கள் வேண்டாம் என்பதும் அதே அதிகாரத்தில், ஒன்பது வசனம் முன்னால். 1998இல் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து இந்த ஒன்பது வசனத்துக்கு நடுவில்தான் குடியிருக்கிறேன். அதை அவரிடம் சொல்கிற நேரமா அது? வாயை மூடிக்கொண்டேன்.

“அண்ணன விடுங்க மாமா, நான் செய்றேன்” என்று தம்பி போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நீர்க்குடத்தோடு அவன் மூன்று சுற்று வந்தான். சுற்றுக்கு ஒரு ஓட்டை. பெட்டியின் தலைமாட்டைப் பிடித்து நின்ற என் கால்மேல் தண்ணீர் சிதறியது.

10 ஜூலை, வியாழன்

பெரியம்மா இன்னும் பேசவில்லை. நான் கலக்கிக் கொடுத்த தேத்தண்ணியை மட்டும் குடித்தார்.

13 ஜூலை, ஞாயிறு

சபையில் ஒருவர், பாடையைத் தொட்டது தவறு என்கிறார். ‘மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்’ என்ற வசனத்தை வாட்ஸாப்பில் வேறு அனுப்பியிருந்தார். அப்பா போய் ஐந்து நாள். உறவுக்காரர் ஏச்சு கூட இவ்வளவு வலிக்கவில்லை.

போதகர் ஒன்றும் பிரசங்கம் பண்ணவில்லை. 2 இராஜாக்கள் 5ஆம் அதிகாரத்தை வீட்டில் வாசிக்கச் சொன்னார். எலிசா தீர்க்கதரிசியால் குஷ்டம் நீங்கிய சீரியப் படைத்தலைவன் நாகமான், இனிக் கர்த்தருக்கு மட்டும்தான் பலி என்கிறான். ஆனால் அவனுடைய ராஜா, ரிம்மோன் என்ற வேறே தேவனின் கோவிலில் பணியும்போது இவன்தான் கைலாகு கொடுக்க வேண்டும், கூடவே குனியவும் வேண்டும். அதற்கு மன்னிப்புக் கேட்கிறான். எலிசா திட்டவில்லை. “சமாதானத்தோடே போ” என்கிறார், அவ்வளவுதான். இத்தனை வருடம் குஷ்டம் நீங்கிய இடத்தோடு நிறுத்தியிருக்கிறேன்.

18 ஜூலை, வெள்ளி

மாமா மறுபடி வந்தார், இந்த முறை தணிவாக. “நாட்டுல நூத்துக்கு ஏழு பேருதான் நாம. அதுலயும் நீ தனியாப் போயிட்டா எப்படி?”

“நான் எங்கே போனேன்? தமிழில்தானே ஜெபம் பண்ணுகிறேன்?”

“ஸ்தோத்திரம், கிருபைன்னு... அது ஒரு தமிழா?” எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதில் அவர் சொல்வது சரிதான்.

ஞானஸ்நானத்துக்குப் பிறகு அப்பா இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. பேசிய முதல் வார்த்தை: “எதையாச்சும் ஒன்ன ஒழுங்கா கும்புடு.” மாமாவிடம் சொன்னேன். நம்பவில்லை.

23 ஜூலை, புதன்

பதினாறு. பந்தல், சமையல், பண்டாரத்தின் தட்சணை, எல்லாச் செலவும் தம்பியும் நானும் பாதிப் பாதி. பிண்டம் வைக்க அவன் உட்கார்ந்தான். நான் அம்மா பக்கத்தில் நின்றேன். அம்மாவுக்கு மூட்டுவலி. படத்துக்கு முன் குனியும்போது தடுமாறி என் கையைப் பிடித்தார். அவர் பாரத்துக்கு நானும் குனிந்தேன். மாமா பார்த்துக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்த பிறகும் அம்மா கையை விடவில்லை. “அடுப்படியில மூடி போட்ட சட்டி இருக்கு. படைக்கறதுக்கு முன்னாடியே ஒனக்கு எடுத்து வச்சிட்டேன். போய்ச் சாப்புடு.”