ஓட்டில் போட்ட ஓட்டு

ஏதென்ஸ் போகிறவர்கள் முதல் நாளே அக்ரோபோலிஸ் ஏறிவிடுவார்கள். நாங்களும் ஏறினோம். காலங்காலமாகக் கால்பட்டுத் தேய்ந்த பாறை, எண்ணெய் தடவினது போல இருக்கிறது. பார்த்தினான் கோயிலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்ததில் செருப்பு வழுக்கி முழங்கால் சிராய்த்ததுதான் மிச்சம்.

மறுநாள் மேடே ஏறக் கூடாது என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சரி என்று மொனாஸ்டிராகி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே பழைய அகோராவுக்குப் போனோம். சந்தை, நீதிமன்றம், ஊர் நிர்வாகம், வெட்டிப்பேச்சு எல்லாம் நடந்த திடல் அது. வடக்கு ஓரத்தை வெட்டிக்கொண்டு மின்சார ரயில் ஓடுகிறது. 1931இல் அமெரிக்கத் தொல்லியலாளர்கள் தோண்டத் தொடங்கியபோது திடலின் மேல் ஒரு முழுக் குடியிருப்பே இருந்தது. நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்துத்தான் கீழே இருந்ததை எடுத்தார்கள்.

எடுத்ததெல்லாம் அட்டாலோஸ் மண்டபத்தில் இருக்கிறது. பெர்கமோன் அரசர் இரண்டாம் அட்டாலோஸ் கிமு 2ஆம் நூற்றாண்டில் இந்த ஊருக்குக் கொடுத்த கடைவரிசை. இப்போது நிற்பது 1950களில் பழைய அடித்தளத்தின் மேலேயே திரும்பக் கட்டியது. பெரிய சிலைகளை எதிர்பார்த்து வருகிறவர்கள் சீக்கிரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எங்களுக்கு மூன்று மணி நேரம் போனது தெரியவில்லை.

முதலில் மாட்டிக்கொண்டது மனைவிதான். "ஏங்க, இங்க வாங்களேன். கொழந்தை ஆய் போற நாற்காலி!" சுட்ட மண்ணில் செய்தது, கிமு 6ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மேலே குழந்தையை உட்கார வைக்கக் கிண்ணம் போல ஒரு இடம், முன்பக்கம் கால் வெளியே வர ஓட்டை. இது எதற்கு என்று எந்த கிரேக்க அறிஞரும் எழுதி வைக்கவில்லை. பானை ஓவியம் ஒன்றில் இதே மாதிரி ஒன்றுக்குள் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. அகழாய்வுக்காரர்கள் ஒரு நிஜக் குழந்தையையும் உட்கார வைத்துப் படம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

என்னைப் பிடித்துக்கொண்டவை ஓட்டாஞ்சில்லுகள். நம் ஊரில் பாண்டி ஆடுவோமே, அதே சில்லு. வளர்ந்துவிட்ட தலைவன் எவனாவது ஊருக்கு ஆபத்து என்று தோன்றினால், பத்து வருடம் அவனை வெளியே அனுப்பிவிட ஏதென்ஸ்காரர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். அனுப்ப வேண்டியவன் பெயரை உடைந்த பானை ஓட்டில் கீறிப் போட வேண்டும். அக்ஷர சுத்தமாக ஓட்டில் போட்ட ஓட்டு. குறைந்தது 6,000 விழுந்தால்தான் செல்லும் என்கிறார் பழங்கால வரலாற்று எழுத்தாளர் புளூடார்க். அவரே ஒரு கதையும் சொல்கிறார். எழுதத் தெரியாத ஒருவன், பக்கத்தில் நிற்பது யாரென்று தெரியாமல் ஊர்த் தலைவர்களில் ஒருவரான அரிஸ்டைடிஸிடமே சில்லை நீட்டி, "அரிஸ்டைடிஸ் என்று எழுதிக் கொடுங்கள்" என்றானாம். எல்லோரும் அவரை நேர்மையாளர், நேர்மையாளர் என்று சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதாம். அவரும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தாராம்.

நல்ல கதை. ஆனால் சில்லு சொல்லும் கதை வேறு. அக்ரோபோலிஸின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றிலிருந்து 1937இல் சுமார் 190 சில்லுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. எல்லாவற்றிலும் தெமிஸ்டாக்ளீஸ் பெயர். சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கப்பல்களை முறியடிக்க வழி சொன்ன அதே மனிதர். எழுத்துகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தால் மொத்தமும் 14 பேர் கையெழுத்துதான். பெரும்பாலும் குடிக்கிற கோப்பைகளின் அடிப்பாகங்கள், கைக்கு அடக்கமாக. யாரோ உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி, வருகிறவர்கள் கையில் திணிக்கத் தயார் செய்திருக்கிறார்கள். வாக்குச்சாவடி வாசலில் சீட்டு எழுதித் தருகிற பெஞ்சுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. எல்லாம் கிணற்றில் கிடந்ததைப் பார்த்தால் விலை போகாத மிச்சம் போலிருக்கிறது.

கீழடியில் ஆதன், குவிரன் என்று கீறிய சில்லுகளைப் பார்த்தபோதும் இப்படித்தான் நின்றேன். அங்கே கீறியவர்கள் பானை யாருடையது என்று சொன்னார்கள், இங்கே எவனைத் துரத்தணும் என்று. நகரத்தின் குயவர் பேட்டையான கெராமெய்க்கோஸில் இன்னும் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அதில் ஒருவன் தளபதி கிமோன் பெயரை எழுதிவிட்டு, போகும்போது எல்பினிகேயையும் கூட்டிக்கொண்டு போ என்று சேர்த்திருக்கிறான். எல்பினிகே கிமோனின் சகோதரி. இருவருக்கும் கள்ள உறவு என்ற இந்த வம்புப்பேச்சு புளூடார்க்கிலும் வருகிறது. தெருவில் அது எந்தத் தொனியில் புழங்கியது என்பதைச் சில்லில்தான் கேட்க முடிகிறது.

இன்னொரு கண்ணாடிப் பெட்டியில் துருப்பிடித்த குட்டி ஆணிகள், எலும்பில் செய்த வளையங்கள், ஒரு கறுப்புக் கோப்பையின் அடிப்பாகம். கோப்பையில் "சீமோனுடையது" என்று கீறியிருக்கிறது. ஆணி செருப்பின் அடிக்கு, வளையம் வார் கோர்க்க. (ஆணி அடித்த செருப்போடு அக்ரோபோலிஸ் ஏறியிருந்தால் இன்னும் நன்றாக வழுக்கியிருப்பேன்.) சாக்ரடீஸ் சீமோன் என்ற செருப்புத் தைப்பவரின் கடைக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பார், அந்தப் பேச்சை சீமோன் குறித்து வைத்தார் என்று பல நூற்றாண்டு கழித்து, தத்துவ ஞானிகளின் வாழ்க்கையைத் தொகுத்த டயோஜெனிஸ் லேர்ஷியஸ் எழுதுகிறார். பிளேட்டோ சீமோனைப் பற்றி மூச்சு விடவில்லை. அதனால் கட்டுக்கதை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. சீமோன் சாதாரணமான பெயர், அந்தக் கோப்பை இதே சீமோனுடையது என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சாக்ரடீஸ் காலத்தில், அகோராவின் ஓரத்தில், அந்தப் பெயரில் ஒரு கோப்பையும் செருப்பு ஆணிகளும் ஒரே வீட்டையொட்டி இருந்தன என்பதை இனி யாரும் மறுக்க முடியாது.

வெயில் தாழ்ந்ததும் அந்த வீட்டைத் தேடிப் போனோம். தென்மேற்கு மூலையில் முழங்கால் உயரச் சுவர்த் தடம், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு எல்லைக்கல், "நான் அகோராவின் எல்லை" என்று தானே பேசுகிறது. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கல்திட்டில் உட்கார்ந்து கால் பிடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்:

"சாக்ரடீஸ் வெறுங்காலோடதான் ஊரைச் சுத்துவாருன்னு சொன்னீங்களே. அப்புறம் செருப்புக் கடையில அவருக்கு என்ன வேலை?"