நாரா போனால் மானோடு திரும்பிவிடாதீர்கள்

ஜப்பானில் கியோட்டோவிலிருந்து மதியம் கிளம்பி, நாரா பூங்காவில் மானுக்கு பிஸ்கட் போட்டு, நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடிக்கும் கூட்டத்தைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. நாராவின் பெரிய சொத்து ஊருக்கு வெளியே, ஹோர்யூஜி என்ற பௌத்தக் கோயிலில் இருக்கிறது.

ஜேஆர் நாரா நிலையத்திலிருந்து யமடோஜி லைனில் பன்னிரண்டு நிமிடம்தான். இறங்கி இருபது நிமிடம் நடக்கலாம், பஸ்ஸும் உண்டு. காலை 8 மணிக்கே திறந்துவிடுகிறார்கள், பத்து மணிக்குள் பார்த்துவிட்டால் தள்ளுமுள்ளு இல்லை. நுழைவுக் கட்டணம் 2,000 யென். கசக்கத்தான் செய்யும். ஆனால் மேற்கு வளாகம், பொக்கிஷ மண்டபம், கிழக்கு வளாகம் மூன்றுக்கும் அந்த ஒரே டிக்கெட்தான். முதல் வாசல் தாண்டியதும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

607-ல் கட்டிய கோயில் 670-ல் எரிந்துபோய், அதன்பின் எழுந்தவைதான் இப்போது நிற்பவை. அப்படியும் உலகிலேயே பழைய மரக் கட்டடங்கள் இவைதான். ஐந்தடுக்கு கோபுரத்தின் நடுத்தூணுக்கான மரம் 594-ல் வெட்டப்பட்டது என்கிறது மர வளையக் கணக்கு. பக்கத்திலிருக்கும் கொண்டோ என்ற பிரதான மண்டபத்தில் மேல்கூரையின் மூலைகளைப் பாருங்கள். டிராகன் சுற்றிய தூண்கள் தெரியும். அழகுக்காக வைத்ததில்லை, கூரை விளிம்பு தொய்ந்ததால் பல நூற்றாண்டுகள் கழித்துக் கொடுத்த முட்டு. உள்ளே ஒரே இருட்டு, கண் பழக ஒரு நிமிடம் நில்லுங்கள். அஜந்தாவோடு ஒப்பிடப்பட்ட அசல் சுவரோவியங்கள் 1949 ஜனவரி தீயில் கருகிவிட்டன, இருப்பவை நகல்கள். அந்த இழப்புதான் மறு ஆண்டே கலாசாரச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவரவைத்தது.

கிழக்கு வளாகத்து யுமெடோனோ மண்டபத்தில் உள்ள கன்னோன் (கருணையின் போதிசத்துவர்) சிலைக்கு வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் சில வாரங்கள்தான் தரிசனம். மற்ற நாளில் மூடிய கதவுதான்.

மதியத்துக்கு மேல் நாரா திரும்பி தோடாய்ஜி கோயில், 800 யென். சுமார் 15 மீட்டர் புத்தருக்கு 752-ல் கண் திறந்தவர் போதிசேனர், நம் நாட்டுத் துறவி! தூரிகையில் கட்டிய நீளக் கயிற்றைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்களாம். அந்தக் கயிறு இன்னும் ஷோசோயின் களஞ்சியத்தில் இருக்கிறது.

ஜேஆர் ரயில் பாஸ் வைத்திருப்பவர்கள் பூங்காவுக்குப் பக்கம் என்று கின்டெட்சு என்ற தனியார் ரயிலில் ஏறிவிட்டால் தனியாகக் காசு தரவேண்டும். சைவக்காரர்கள் உடோன் (தடித்த நூடுல்ஸ்) கடையை நம்பவேண்டாம், காய்கறி உடோன் என்றாலும் குழம்பு பெரும்பாலும் மீன் சாறுதான். உப்பில் ஊறிய உமே காய் வைத்த ஓனிகிரியை (சோற்று உருண்டை) ஸ்டேஷனிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், பொட்டலத்தில் மீன் சாறு சேர்த்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு.