வாத்தியார் எழுதிய பாட்டு

மார்ச் 3

பல்கலைக்கழகத் துறையின் இணையப் பக்கத்தில் போட ஆய்வு ஆர்வங்கள் கேட்டார்கள். யூத வாழ்க்கை, அரசியல், வெகுஜன இசை என்று எழுதிக் கொடுத்தேன். போனில் அம்மா, "மூணு கடை விரிச்சிருக்கியே, எதுலடி வியாபாரம்?" என்கிறாள்.

ஒரே கடைதான் அம்மா. பெயர் ஏபல் மீரோபோல். ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பம், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பள்ளி வாத்தியார், கம்யூனிஸ்ட். கறுப்பர் இருவரை அடித்து மரத்தில் தொங்கவிட்ட புகைப்படம் அவரைத் தூங்கவிடவில்லை. கவிதையாக எழுதினார். 1937ல் ஆசிரியர் சங்க இதழில் வந்தது. மெட்டும் அவரே போட்டார். 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' (விசித்திரமான பழம்) அதுதான். பழம் என்றது மரத்தில் தொங்கும் உடல்களை.

மார்ச் 6

இன்று முழுக்க இந்தப் பாட்டைப் பாடிய கறுப்பின ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே. நியூயார்க்கின் கஃபே சொசைட்டி இரவு விடுதி மேடையில் இந்தப் பாட்டு வந்தால் பரிமாறுவதை நிறுத்திவிடுவார்கள், விளக்குகள் அணையும், முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். அவருடைய ரெக்கார்டு கம்பெனி கொலம்பியா பதிவு செய்யத் தயங்கியது. 1939 ஏப்ரலில் ரெக்கார்டு கடைக்காரர் மில்ட் கேப்ளர் தன் கொமடோர் லேபிளில் பதிவு செய்தார். கேப்ளரும் யூதர், கஃபே முதலாளி பார்னி ஜோசப்சனும் யூதர்.

இதை யூத–கறுப்பினத் தோழமை என்று மாலை போட்டு முடித்துவிடலாம்தான். ஆனால் ஹாலிடே தன் சுயசரிதையில் மெட்டில் தனக்கும் பங்கு உண்டு என்றார், வாத்தியார் மறுத்தார். என் அத்தியாயம் இந்தச் சண்டையில்தான் தொடங்க வேண்டும்.

மார்ச் 9

'த ஹவுஸ் ஐ லிவ் இன்', 1945. பத்து நிமிடக் குறும்படம், மூன்று தடவை பார்த்தாயிற்று. ஒரு பையனைத் தெருப்பிள்ளைகள் துரத்துகிறார்கள். அவன் மதம் பிடிக்கவில்லையாம். எந்த மதம் என்று படம் வாயே திறக்காது. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா அவர்களுக்குப் புத்தி சொல்கிறார். அதே வாயால் ஜப்பானியரை இழிசொல்லால் குறிப்பிடுகிறார்! அப்புறம் பாடுகிறார்.

பாட்டின் வரிகள் மீரோபோலுடையவை. அண்டைவீட்டார் வெள்ளையர், கறுப்பர் என்று வரும் பகுதியை வெட்டிவிட்டார்கள். தியேட்டரில் அதைக் கண்டு வாத்தியார் கத்த, வெளியே அனுப்பிவிட்டார்களாம். படத்துக்குச் சிறப்பு ஆஸ்கர் கிடைத்தது.

மார்ச் 12

பாட்டுகளில் அவர் பெயர் லூயிஸ் ஆலன். அவருக்கும் மனைவி ஆனுக்கும் இறந்தே பிறந்த இரு குழந்தைகளுக்கு வைத்த பெயர்கள் அவை.

1953 ஜூன் 19, வெள்ளி. அணுகுண்டு உளவு வழக்கில் யூதத் தம்பதி ஜூலியஸ், எத்தல் ரோசன்பர்க் இருவருக்கும் மின்நாற்காலி. இரவு பதினொன்றுக்கு வைத்திருந்தார்கள். வெள்ளி மாலை சூரியன் மறைந்தால் யூதர்களின் புனித ஓய்வுநாளான சபாத் தொடங்கிவிடும் என்று பேச்சு எழ, சூரியன் மறையும் முன்னே முடித்தார்கள். இப்படியும் ஒரு மத மரியாதை. அவர்களுடைய பிள்ளைகளை மீரோபோல் தம்பதி தத்தெடுத்தார்கள்.

அம்மாவிடம் சொன்னேன். வியாபாரம் பற்றி இன்று பேசவில்லை.

"பசங்களுக்கு என்ன வயசு?"

"பத்தும் ஆறும்."