சுங்கை சிப்புட்டில் ஒரு புரூக்லேண்ட்ஸ் பேட்ஜ்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, உள்ளங்கை அளவு தகடு ஒன்றைப் பார்ப்பதற்காக மட்டும் கோலாலம்பூரிலிருந்து சுங்கை சிப்புட் வரைக்கும் போய்விட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள், அதனால் ஈப்போவில் ஒரு கூட்டாளியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பழைய காடிகளின் முன்பக்கம், கிரில்லுக்கு முன்னால் ஒரு குரோம் கம்பியில் வரிசையாக வட்டமும் கேடயமுமாக வண்ணச் சின்னங்கள் மாட்டியிருப்பார்களே, அந்த எனாமல் பேட்ஜ்களைத்தான் நான் பத்து வருடமாகச் சேர்க்கிறேன். அதிலும் மோட்டார் பந்தய கிளப் பேட்ஜ் என்றால் கை அரிக்கும். வாட்ஸ்அப்பில் ஒரு பையன் படம் அனுப்பியிருந்தான். துருப்பிடித்த கம்பி, அதில் இரண்டு பேட்ஜ். ஒன்று மலாயா ஆட்டோமொபைல் அசோசியேஷன். இன்னொன்றில் சரிந்த பாதையில் பந்தயக் காடிகள், மேலே பி.ஏ.ஆர்.சி. என்ற எழுத்து. "தாத்தா தோட்டத்துல துரைக்கு டிரைவரா இருந்தாரு அண்ணே. அந்தத் துரை இங்கிலாந்துல ரேஸ் ஓட்டினவராம். இது என்ன விலை போகும்?"

பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு தம்பி என்றேன். கம்பியோடு இறுகிப்போய்க் கழட்ட வரவில்லை என்றான். சரி, வேறு வழியில்லை, நேரில் போக வேண்டியதுதான். ஏனென்றால் இந்தப் பொருளை முகம் பார்த்து வாங்கவே கூடாது, முதுகைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். முகம் பார்த்து வாங்கி நான் ஏமாந்த கதைகளை எழுதினால் அதுவே தனிக் கட்டுரையாகிவிடும், வேண்டாம்.

பி.ஏ.ஆர்.சி. என்பதிலேயே ஒரு குழப்பம் உண்டு. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து வெய்பிரிட்ஜில் 1907ல் திறந்தார்கள் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தை. மோட்டார் பந்தயத்துக்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டிய தடம் அதுதான், இரண்டே முக்கால் மைல் சுற்று, திருப்பங்களில் கான்கிரீட் சுவர்போல சரித்துக் கட்டியிருப்பார்கள். ஜான் காப் என்பவர் நேப்பியர்-ரெயில்டன் காடியில் 1935ல் அங்கே மணிக்கு 143.44 மைல் வேகத்தில் ஒரு சுற்று வந்தார். நம் பக்கத்து சயாம் இளவரசர் பீராவும் அங்கே ஓட்டியவர்தான். 1939ல் யுத்தம் வந்தது, பந்தயம் நின்றது, பிறகு அங்கே பந்தயமே நடக்கவில்லை. அந்தத் தடத்தின் கிளப் புரூக்லேண்ட்ஸ் ஆட்டோமொபைல் ரேசிங் கிளப். யுத்தத்துக்குப் பின் அது ஜூனியர் கார் கிளப்போடு சேர்ந்து, 1949ல் பிரிட்டிஷ் ஆட்டோமொபைல் ரேசிங் கிளப் என்று ஆனது. எழுத்துச் சுருக்கம் இரண்டுக்கும் ஒன்றே. பாதிப் பேர் பின்னதை வாங்கி வைத்துக்கொண்டு முன்னது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஈப்போ வரை ரயில். ஸ்டேஷன் வாசலில் பையன் தன் புரோட்டான் சாகா காடியோடு நின்றான். பழைய சாலையிலேயே போகலாம் என்றேன். சிம்மோர் தாண்டியதும் சுண்ணாம்புக் குன்றுகள் இரண்டு பக்கமும் எழுந்து நிற்கும், பாதியைச் சிமெண்டுக்காகக் குடைந்து எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் செம்பனை, செம்பனை, செம்பனை. ஒரு காலத்தில் இது முழுக்கப் பால்மர (ரப்பர்) காடு. 1948 ஜூன் 16ஆம் தேதி மூன்று வெள்ளைக்காரத் துரைமார் இந்த வட்டாரத் தோட்டங்களில்தான் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அதையொட்டித்தான் மலாயாவில் அவசரகாலச் சட்டமே வந்தது. பையனுக்கு அது தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் புரூக்லேண்ட்ஸ் பேட்ஜ் இணையத்தில் என்ன விலை போகிறது என்பதுதான். வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

தாத்தாவுக்கு எண்பத்து நான்கு. டவுனுக்கு வெளியே ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பகுதியில் வீடு. தோட்டத்து லயத்தை இடித்து எத்தனையோ வருடமாகிவிட்டது.

"வாங்க தம்பி. பசியாறிட்டீங்களா?"

பசியாறிவிட்டேன் என்றாலும் விடுவார்களா, இட்லியும் கோப்பி ஓவும் வந்தது. அப்புறம் கம்பியை ஒரு பழைய நாளிதழில் வைத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தான் பையன்.

முதலில் மலாயா பேட்ஜ். அந்தச் சங்கம் 1932ல் தொடங்கியது. மலேசியா பிறந்தது 1963ல், ஆகவே மலாயா என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. துரு எண்ணெய் அடித்து ஊறவைத்தேன். நட்டுக்கு 8 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையவில்லை, 10 போட்டால் சுற்றிக்கொண்டு ஓடியது. எனக்கு அப்போதே மனசு குளிர்ந்துவிட்டது. பி.ஏ. என்கிற பழைய பிரிட்டிஷ் அளவு மரை நட்டுகள் மில்லிமீட்டர் ஸ்பேனருக்குச் சரியாக அடங்காது. சின்ன குறடு வைத்துக் கழற்றித் திருப்பினேன். பித்தளையில் அச்சு அடித்த முதுகு, சுத்தமாக, புள்ளி குழி ஒன்றும் இல்லாமல். பத்து மடங்கு லென்ஸில் எனாமலைப் பார்த்தால் ஊசிமுனை அளவு குமிழிகள், ஓரத்தில் உடைந்த இடத்தில் கண்ணாடி உடைந்ததுபோல சிப்பி வடிவச் சிதறல். எனாமல் என்பது கண்ணாடிதானே. கண்ணாடித் தூளில் கோபால்ட் மாதிரி உலோக ஆக்சைடு கலந்து, உலோகக் குழிக்குள் நிரப்பி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருக்கி, ஆறியபின் உலோக விளிம்போடு சமமாகத் தேய்த்துவிடுவார்கள். தோட்டத்தில் நம் பாட்டிகள் சோறு போட்டுச் சாப்பிட்ட எனாமல் மங்கு கீழே விழுந்தால் எப்படிச் செதில் பெயர்ந்து கறுப்பு தெரியும், அதே கதைதான். உதட்டில் வைத்தால் சில்லென்று இருக்கும், பல்லில் லேசாகத் தட்டினால் டிங் என்று கேட்கும். தாத்தா முன்னால் பேட்ஜைப் பல்லில் தட்டியதைத்தான் அந்தப் பையன் இன்னும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பான்.

அசல். சந்தேகமே இல்லை.

அடுத்தது புரூக்லேண்ட்ஸ். 10 ஸ்பேனர் போட்டேன். கச்சிதமாகப் பிடித்தது. நட்டை மட்டும் யாராவது பின்னாளில் மாற்றியிருக்கலாமே என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். பையிலிருந்து எம்6 என்கிற மெட்ரிக் அளவுப் புது நட் ஒன்றை எடுத்து அந்தத் திருகுத் தண்டில் விரலாலேயே சுற்றினேன், வெண்ணெயில் கத்தி போவது மாதிரிப் போனது. தண்டும் மெட்ரிக் போலத்தான் இருந்தது. யுத்தத்துக்கு முன் இங்கிலாந்தில் செய்த பேட்ஜில் அதற்கு வேலையில்லை. திருப்பினால் முதுகு முழுக்கப் பொடிக் குழிகள், அதாவது அச்சு அடித்ததல்ல, துத்தநாகக் கலவையை உருக்கி ஊற்றியது, கையிலும் லேசாக இருந்தது. செய்தவர் பெயர் எங்குமே இல்லை. வண்ணம் குழியை நிரப்பாமல் நடுவில் சற்றுத் தாழ்ந்திருந்தது. ஓரத்தில் ஊசிமுனையை அழுத்தினேன், தடம் விழுந்தது. கண்ணாடியில் ஊசித் தடம் அப்படி அமுங்கி விழாது. பிளாஸ்டிக் மாதிரியான ரெசின். பல்லில் தட்டவும் மனசு வரவில்லை.

இதற்கு நடுவே குரோம் பற்றி ஒன்று. குரோம் முலாம் பரவலாக வந்ததே 1920களின் கடைசியில்தான், அதற்கு முன்பெல்லாம் நிக்கல், லேசான மஞ்சள் ஒளி அடிக்கும். 1912 பேட்ஜ் என்று சொல்லி நீலம் பாய்ந்த குரோம் மின்னலோடு யாராவது நீட்டினால் ஒன்று பிற்பாடு முலாம் ஏற்றியது, இல்லை ஆளே பொய். இந்தத் தகட்டுக்கு அந்தச் சோதனைகூடத் தேவைப்படவில்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் லென்ஸைத் துடைத்தேன், திரும்பவும் துடைத்தேன். ஒரு வழியாக, "தாத்தா, மன்னிக்கணும், இது அசல் இல்லை" என்றேன்.

"ஆமா, இது டூப்ளிகேட்டுதான்" என்றார் தாத்தா, கோப்பியை ஆற்றிக்கொண்டே.

பையன் வாயைப் பிளந்தான். "ஏன் தாத்தா சொல்லல?"

"நீ எங்கடா கேட்ட?"

துரை 1970ல் ஊருக்குப் போகும்போது தன்னுடைய பேட்ஜைத் தானே கழற்றிக்கொண்டு போய்விட்டாராம். அவருடைய ரைலி காடி சில வருடம் ஓடி, பிறகு பழைய இரும்புக்குப் போனது, கம்பியை மட்டும் தாத்தா எடுத்து வைத்துக்கொண்டார். நடுவில் ஓட்டை தெரிகிறதே என்று சின்ன மகன்தான் ஈப்போவில் ஒரு காடி சாமான் கடையில் இதை வாங்கி வந்து மாட்டினான். "துரை பேட்ஜ நான் வாராவாரம் சனிக்கிழமை பிராஸ்ஸோ போட்டுத் தொடச்சவன். அதுல எழுத்தெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். இதப் பாரு, எழுத்து கத்தி மாதிரி நிக்குது. இத யாரு தொடச்சா?"

லென்ஸ், ஊசி, ஸ்பேனர் எல்லாம் தூக்கிக்கொண்டு மூன்று மணி நேரம் ரயிலும் காடியும் ஏறி வந்தவன் நான். மேட்டெழுத்துத் தேய்மானத்தைப் பார் என்று புது ஆட்களுக்கு எத்தனை தடவை பாடம் எடுத்திருக்கிறேன், அதை அன்றைக்கு நானே பார்க்கவில்லை.

துரை ரேஸ் ஓட்டினாரா என்று கேட்டேன். "எங்க ஓட்டினாரு! சந்தா கட்டி மெம்பர், அவ்வளவுதான். வேடிக்க பார்க்கப் போவாராம், அவரே சொல்லுவாரு." அதுவும் சரியாகவே பொருந்தியது. கிளப் பேட்ஜ் உறுப்பினர் எல்லோருக்கும் உண்டு, ஓட்டியவர்களுக்கு, மணிக்கு 120 மைலுக்கு மேல் சுற்று வந்தால் 120 என்றும், 130க்கு மேல் என்றால் 130 என்றும், தனி பேட்ஜ் கொடுத்தார்கள்.

மலாயா பேட்ஜைக் கொடுப்பீர்களா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டார். அந்த டூப்ளிகேட்டு என்ன விலை போகும் என்று பையன் விடாமல் கேட்டான். முப்பது, நாற்பது வெள்ளி (ரிங்கிட்) என்றேன்.

"எம் மவன் எம்பது வெள்ளி குடுத்தான்" என்றார் தாத்தா. அப்புறம் இரண்டையும் கம்பியில் பழைய இடத்திலேயே மாட்டச் சொன்னார். மாட்டினேன். "அந்தப் புது நட்டையே போட்டுடு தம்பி. நல்லா முடுக்கு, போன தடவ சின்னவன் சரியா முடுக்கல."